குடை கொண்டு போகாத சம்பந்தம்

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் கலாவதியைக் கேட்காமல் ஒரு பெண்பிள்ளை பெரியபிள்ளை ஆக முடியாது என்று அவள் புருஷன் சச்சிதானந்தன் சொல்வான். பகிடிக்குத்தான் சொல்வான், ஆனால் அதில் பெரிய பொய் இல்லை. சாமத்தியவீடு என்கிற பூப்பு நீராட்டுக்கு மணவறை வேண்டுமா, ஆலாத்தித் தட்டு வேண்டுமா, பிள்ளைக்குச் சேலை உடுத்திவிட ஆள் வேண்டுமா, அந்தப் பக்கத்துத் தாய்மார் முதலில் போன் அடிப்பது கலாவதிக்குத்தான். அவள் வீட்டுப் பின்வளவு ஷெட்டைத் திறந்தால் குத்துவிளக்கும் பிளாஸ்டிக் வாழைமரமும் காலில் விழும்.

சாமானை யாரும் வாடகைக்குக் கொடுக்கலாம். கலாவதியிடம் இருந்தது சட்டம். எது முதல், எது பிறகு, யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதிலும் ஒன்றில் மட்டும் அவள் யாருக்கும் மசியமாட்டாள். தாய்மாமன் வந்து பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைக்காமல் ஒரு சொட்டுத் தண்ணி வார்க்க விடமாட்டாள். "மாமன் இல்லாட்டித் தாய்க்கு ஒரு வீடு இல்லையெண்டு அர்த்தம்" என்பாள். சொல்லும்போது அவள் குரலில் ஒரு நீதிபதி வந்து உட்கார்ந்துகொள்வார்.

மாமன் இல்லாத வீடுகளும் இருக்கத்தானே செய்யும். ஒருவருக்கு விசா கிடைக்காது. ஒருவர் கனடாவில் லீவு கிடைக்காமல் நிற்பார். ஒருவர் சண்டையோடு காணாமல் போனவர். அவர்களுக்கென்று கலாவதி தில்லையம்பலத்தைக் கைவசம் வைத்திருந்தாள். பென்சன் எடுத்த மனிதர், தனிக்கட்டை, பட்டு வேட்டி கட்டி வந்து நின்றால் யாருக்கும் மாமன் மாதிரியே இருப்பார். டூட்டிங்கிலிருந்து குட்மேய்ஸ் வரை எத்தனை பிள்ளைகளுக்குத் தான் மாமன் என்று அவருக்கே கணக்கில்லை. தேங்காய் உடைக்கிற நேரம் உண்மையாகவே அழுதும் விடுவார். வீடியோக்காரனுக்கு அது நல்ல வசதி.

இப்படிப்பட்ட கலாவதியின் சொந்தத் தம்பிதான் சுபாஸ்கரன். லண்டனுக்கு வருமுன் எல்லாரும் பாரிசில் இருந்த காலம் அது. அவன் ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். ஒருநாள் ஒரு பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து அக்காவின் வீட்டு வாசலில் நின்றான். கதவைத் திறந்த கலாவதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆரடா இந்தச் சீனத்தி?" என்று அந்தப் பெண்ணுக்கு முன்னாலேயே கேட்டுவிட்டாள்.

சீனா இல்லை அக்கா, லாவோஸ் மலைப்பக்கத்து ஆட்கள், ஹ்மொங் என்று சொல்கிறது, அங்கே சண்டை நடந்து பிரான்சுக்கு ஓடி வந்தவர்கள் என்று அவன் விளங்கப்படுத்தினான். "எல்லாம் ஒண்டுதான்" என்று கலாவதி முடித்தாள். தாய் தகப்பன் எங்கே என்று கேட்டதற்கு, "அவையளோட இப்ப கதைபேச்சு இல்லை" என்றான். வருஷங்கள் போகப் போக, கதைபேச்சு இல்லை என்றது கலாவதியின் மனதில் ஆட்களே இல்லை என்று ஆகிவிட்டது. நினைவு அப்படித்தான், நமக்குச் சௌகரியமான பக்கமாகச் சாயும்.

பெண்ணின் பெயரும் கலாவதிக்கு வாயில் நுழையவில்லை. அர்ச்சனைக்குச் சொல்ல ஒரு பெயர் வேண்டுமென்று பானுமதி என்று வைத்தாள். அன்றிலிருந்து அவள் பானு. புருஷனுக்கும் பானு, லண்டனுக்கு வந்தபின் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கும் பானு.

சும்மா சொல்லக்கூடாது, பானு படித்த வேகத்தைப் பார்த்து ஊரே மூக்கில் விரல் வைத்தது. இரண்டு வருஷத்தில் யாழ்ப்பாணத்துத் தமிழை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஒடியல் கூழ் அவள் காய்ச்சினால் சச்சிதானந்தன் சட்டியை வழிப்பான். "உங்கட சீன மச்சாள் எங்களை விட வடிவாக் கதைக்கிறா" என்று கோயிலில் பெண்கள் சொல்லும்போது, ஏதோ தான் பெற்று வளர்த்த பிள்ளையைப் புகழ்ந்த மாதிரி கலாவதிக்கு நெஞ்சு நிமிரும். இரண்டு குடும்பமும் ஒரே தெருவில் இருந்தன. தம்பி வீட்டுச் சாவி அக்காவிடமும் ஒன்று இருந்தது. அந்த வீட்டுக்கும் அவள் ஒரு சட்டம் போட்டிருந்தாள்: உள்ளே தமிழ் மட்டும். பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று பாஷையைக் கலந்து ஊட்டினால் கடைசியில் ஒன்றும் மிஞ்சாது என்பது அவள் கட்சி. பானு தலையை ஆட்டினாள், அவ்வளவுதான்.

பானுவிடம் கலாவதிக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். குளிர் தொடங்கி ஒருநாள், எந்த நாள் என்று சொல்ல முடியாது, வருஷத்தில் ஒருதரம், முன்கதவை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். கையில் ஒரு கிண்ணத்தில் சோறும், அதன்மேல் ஒரு முட்டையும் இருக்கும். ஒருமுறை கலாவதி அதை நேரில் கண்டாள். "என்ன பானு, நரிக்குச் சாப்பாடு வைக்கிறியோ? ஹீற்றிங் எல்லாம் வெளியில போகுது, கதவைச் சாத்து" என்று ஏசினாள். பானு கதவைச் சாத்தினாள்.

போன ஐப்பசியில் பானுவின் மூத்தவள் ஆரணி பெரியபிள்ளை ஆனாள். கேட்க வேண்டுமா, கலாவதிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஹோல், சாப்பாடு, மணவறை எல்லாம் ஒரே மூச்சில் ஒழுங்கு பண்ணிவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்து, "காலமை தண்ணி வார்க்கிறது வீட்டில. தில்லையண்ணை மாமனா நிப்பார்" என்று அறிவித்தாள்.

முன்னறைக் கதிரையில் காலை மடக்கி உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்த ஆரணி நிமிர்ந்தாள். "நோ மாமி. ஹீ இஸ் எவ்ரிபடீஸ் மாமா. எனக்குச் சொந்த மாமா இருக்கிறார்."

"எந்த மாமா?"

"அம்மாட அண்ணா. செங் மாமா. ஹீ லிவ்ஸ் இன் நீம், இன் பிரான்ஸ்."

கலாவதி குசினிக்குள் போனாள். பானு சிங்கில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். "உனக்கு ஒரு தமையன் இருக்கிறாரோ?"

"ஓம் மச்சாள்."

"உயிரோடயோ?"

"ஓம்."

"பிரான்சிலயோ? ஏன் இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லேல்லை?"

பானு தண்ணீரை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்தாள். "நீங்கள் கேக்கேல்லையே மச்சாள்" என்றாள். குத்திக் காட்டிச் சொன்னதாகவும் தெரியவில்லை. உப்பு எங்கே என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள்.

கலாவதிக்குச் சட்டம் சட்டம்தானே. மாமன் இருக்கிறார் என்றால் மாமன் வரவேண்டும். "அப்ப கூப்பிடு" என்றாள்.

"பிள்ளை கூப்பிட்டா வருவார்" என்றாள் பானு. "ஆனால் வீட்டுக்குள்ள வரமாட்டார்."

இது என்ன கதை என்று கலாவதி கேட்பதற்குள் ஆரணி குசினி வாசலுக்கு வந்து போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல் கேட்டது. ஆரணி வாயைத் திறந்தாள். வந்தது தமிழ் இல்லை, இங்கிலிஷ் இல்லை, பிரெஞ்சும் இல்லை. ஏறி இறங்கி, பாட்டுப் போல ஒரு பாஷை. தடங்கல் இல்லாமல், சிரித்துச் சிரித்து, கையை ஆட்டி ஆட்டி அந்தப் பிள்ளை அதைக் கதைத்தது. சோபாவில் இருந்து பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த சுபாஸ்கரனின் கை வாய்க்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. சின்னவன் கௌசிகன் டீவியைப் பார்த்தபடியே நடுவில் ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தான். இவனும் கூடவா.

"எங்கயடி இதைப் படிச்சனி?" என்று கேட்டபோது கலாவதியின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"காருக்குள்ள" என்றாள் ஆரணி. "நீங்கள் வீட்டுக்குள்ளதானே தமிழ் மட்டும் எண்டனீங்கள். கார் வீடில்லையே மாமி."

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழி, வருகிற வழி, நீச்சலுக்குப் போகிற வழி. கார்க் கதவு சாத்தினால் பானுவின் வாய் திறக்கும். இத்தனை வருஷமும் பானுவின் சிவப்புக் காரில் எத்தனையோ தடவை கலாவதி முன்சீட்டில் இருந்து போயிருக்கிறாள். அவள் ஏறினால் உடனே தமிழ். அவள் இறங்கினதும் பின்னால் என்ன நடந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும். சுபாஸ்கரன் மனைவியைப் பார்த்த பார்வை, பக்கத்து வீட்டு ஆளைப் பார்ப்பது போல இருந்தது. பேயறைந்தவன் மாதிரி அவன் பிட்டுத் தட்டோடு எழும்பி மேலே போனான்.

தண்ணி வார்க்கிற நாள் வந்தது. காலையிலேயே தூறத் தொடங்கிவிட்டது. பின்வளவில் கூடாரம் அடித்து, பெண்கள் ஆலாத்தித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வீடியோக்காரன் வயரை நீட்டிக்கொண்டு திரிந்தான். பட்டு வேட்டியோடு தில்லையம்பலமும் வந்து சோபாவில் இருந்தார். ஒருவேளை தேவைப்படலாம் என்று கலாவதிதான் வரச் சொல்லியிருந்தாள். மேல் அறையில் ஆரணி வெள்ளைச் சேலையோடு ஜன்னலில் நின்றாள்.

பிரெஞ்சு நம்பர் பிளேட் போட்ட ஒரு மரக்கறி வான் வந்து வீட்டுக்கு முன்னால் நின்றது. இறங்கியவருக்கு ஐம்பது வயதிருக்கும். தோட்டத்து வெயிலில் கறுத்த முகம். கறுப்பு உடுப்பு, இடுப்பில் பூத்தையல் போட்ட பட்டி, கழுத்தில் கனத்த வெள்ளி. இறங்கி வந்து நடைபாதையில் நின்றார். வீட்டு வாசலைப் பார்த்தார். அங்கேயே நின்றார்.

"வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ" என்று சுபாஸ்கரன் வாசலில் நின்று கூப்பிட்டான். அவர் அசையவில்லை. மழை அவர் தலையில் தூறிக்கொண்டிருந்தது. சபையில் குசுகுசுப்புத் தொடங்கியது. நேரம் தப்பிவிடும் என்று ஐயர் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

கலாவதிக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்த சம்பந்தி நனைந்துகொண்டு நிற்பதா. கதவுக்குப் பின்னால் தொங்கிய சச்சிதானந்தனின் கறுப்புக் குடையை எடுத்து விரித்துக்கொண்டு, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு தெருவுக்கு இறங்கினாள். நேரே போய் அவர் தலைக்கு மேல் குடையைப் பிடித்தாள்.

அந்த மனிதர் சுடுதண்ணி பட்டவர் போலப் பின்னால் போனார். குடையைப் பார்த்தார். கலாவதியைப் பார்த்தார்.

"மதாம், இந்தக் குடையை உங்களுக்கு யார் எடுத்துக்கொண்டு வரச் சொன்னது?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

நல்ல வேளை, பாரிசில் படித்த பிரெஞ்சு கலாவதியின் வாயில் இன்னும் மிச்சம் இருந்தது. "ஒருவரும் சொல்லவில்லை. மழை பெய்கிறது" என்றாள்.

அவர் சிரித்தார். சிரிப்பு நடுவில் உடைந்து போயிற்று. மரக்கறி வானில் சாய்ந்துகொண்டு முகத்தைத் துடைத்தார். பிறகு மெதுவாக, அவளுக்கு விளங்கும்படி, எளிய பிரெஞ்சில் சொன்னார்.

"எங்கள் ஆட்களில் ஒருவன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவது பெரிய குற்றம் இல்லை. நடக்கிறதுதான். ஆனால் உடனே அவன் பக்கத்திலிருந்து இரண்டு ஆண்கள், ஒரு கறுப்புக் குடையோடு, பெண் வீட்டுக்கு வரவேண்டும். உங்கள் மகள் எங்களிடம் இருக்கிறாள், தேட வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அப்பா காத்திருந்தார். குடை வரவில்லை."

"எங்களுக்குத் தெரியாது" என்றாள் கலாவதி.

"அப்பாவும் அதைத்தான் சொன்னார். வேறு ஆட்கள், தெரியாமல் இருக்கும், தெரிந்தால் வருவார்கள் என்றார். சாகும்வரை சொன்னார்."

"சாகும்வரையோ?" என்று கலாவதி பதற்றத்தில் தமிழிலேயே கேட்டாள். கேள்வி அவருக்கு விளங்கிவிட்டது.

"ஏப்ரலில் போய்விட்டார்."

அதற்குமேல் அங்கே நிற்க அவளால் முடியவில்லை. குடையை அப்படியே அவர் கையில் திணிக்கப் போனாள். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். கலாவதி குடையை மடக்கிக்கொண்டு திரும்பி விறுவிறென்று நடந்து, சபையைத் தாண்டி, குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பானு ஆலாத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"கொப்பர் செத்தது உனக்குத் தெரியுமோ?"

பானுவின் கை நின்றது. "ஓம் மச்சாள். ஆரணிதான் போனில பாத்துச் சொன்னவள்."

"சித்திரையில நீ எங்களோட நிண்டு கோயிலுக்கு வடை சுட்டனியல்லோ. துடக்கு, தீட்டெண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே பானு. அழக்கூட இல்லையே."

"எனக்கு என்ன துடக்கு மச்சாள்?" என்றாள் பானு. குரல் உயரவில்லை. "அங்க நான் போன ஆள். இஞ்ச என்னைக் கேட்டு உங்களில ஒருத்தரும் அங்க போகேல்லை. நான் எந்த வீட்டுக்குத் துடக்குக் காக்கிறது?"

கலாவதி கதவில் சாய்ந்து நின்றாள். ஒரு செம்பு இடம் மாறி இருந்தால் சபைக்கு நடுவில் கத்துகிறவள் அவள். பெண் கேட்டுப் போகாமல் நடந்த கலியாணத்தைக் கலியாணம் என்றே ஒப்புக்கொள்ளாதவள். தன் சொந்தத் தம்பிக்கு அந்த ஒன்றைச் செய்யவில்லை என்பது இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவளுக்கு உறைக்கவில்லை. சீனத்திக்கு என்ன கேட்டுப் போறது என்று நினைத்திருக்கிறாள். நினைத்ததுகூட இல்லை, நினைக்கவே தேவையில்லை என்று இருந்திருக்கிறாள்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். "தில்லையண்ணை, எழும்புங்கோ. இஞ்சருங்கோ, நீங்களும் வாங்கோ" என்று புருஷனையும் கூப்பிட்டாள். "ரெண்டு பேரும் இந்தக் குடையோட போய் பொம்பிளை கேளுங்கோ."

"ஆருக்கு?" என்றான் சச்சிதானந்தன்.

"சுபாஸ்கரனுக்கு."

சபை வாயைப் பிளந்தது. பெரியபிள்ளை ஆன மகள் மேலே நிற்கத் தகப்பனுக்குப் பெண் கேட்டுப் போவதை அவர்கள் எங்கே கண்டார்கள். யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள். கலாவதி திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் சிரிப்பு தொண்டைக்குள் போய்விட்டது. சுபாஸ்கரன் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். குடை விஷயம் வாசலில் நின்று கேட்ட அவனுக்கும் இன்றைக்குத்தான் தெரியும்.

தில்லையம்பலம் குடையை வாங்கி விரிக்கப் போனார். மாடிப்படியிலிருந்து ஆரணியின் குரல் வந்தது. அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்ற சட்டத்தைக் காற்றில் விட்டு, வெள்ளைச் சேலையோடு பாதிப் படியில் நின்றாள். "விரிக்கக்கூடாது மாமி. மூடி, துணியால சுத்திக் கட்டோணும்."

"உனக்கு ஆர் சொன்னது?"

"அம்மா. காருக்குள்ள."

வேறு நாள் என்றால் கலாவதி அவளை அறைக்குள் விரட்டியிருப்பாள். அன்றைக்கு, "எப்பிடிக் கட்டுறது? வந்து காட்டு" என்றாள். மாமனுக்குப் போர்க்க வைத்திருந்த பட்டுச் சால்வையை எடுத்து நீட்டினாள். ஆரணி அதைக் குடையைச் சுற்றி, கைப்பிடியில் முடிந்து கொடுத்தாள்.

இரண்டு ஆண்களும் தூறலில் நனைந்துகொண்டு மரக்கறி வானடிக்குப் போனார்கள். நீம் வரை போக நேரமில்லை. அன்றைக்கு அந்த வான்தான் பெண் வீடு. இறங்காமல் வானுக்குள்ளேயே இருந்த செங்கின் மனைவி கதவைத் திறந்து வைத்தாள். கலாவதி சொல்லிக் கொடுத்தபடி சச்சிதானந்தன் பிரெஞ்சில் சொன்னான்: உங்கள் தங்கை எங்களிடம் இருக்கிறாள், தேட வேண்டாம், பிந்திவிட்டோம், மன்னிக்க வேண்டும். தில்லையம்பலம் தமிழில், "எங்கட பிள்ளை மாதிரி வைச்சிருக்கிறம் ஐயா" என்றார். சொல்லிவிட்டு அழுதார். வீடியோக்காரன் வாசலிலிருந்து எடுத்தான். எடுக்காதே என்று யாரும் சொல்லவில்லை.

செங் இரண்டு கையாலும் குடையை வாங்கினார். வானின் உட்சுவரில் அதைத் தொங்கவிட்டார். பிறகு வீட்டை நோக்கி நடந்து வந்து, வாசற்படிக்கு ஒரு அடி முன்னால் மறுபடியும் நின்றார்.

"இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது மதாம்" என்றார் கலாவதியைப் பார்த்து. "எங்கள் வருஷம் பிறக்கும்போது வாசலைத் திறந்து, சோறும் முட்டையும் வைத்து, வீட்டாட்கள் ஒவ்வொருவருடைய உயிரையும் பெயர் சொல்லி அழைப்போம். வழிதவறாமல் வீட்டுக்கு வரட்டும் என்று. கட்டிக் கொடுத்த பெண்ணை நாங்கள் அழைப்பதில்லை. அது புருஷன் வீட்டார் வேலை. என் தங்கையை யாரும் கேட்டு வரவில்லை. அதனால் அப்பா ஒரு வருஷமும் தவறாமல் அவளையும் அழைத்தார். கடைசி வருஷம் நிற்க முடியாமல் கதிரையில் இருந்து அழைத்தார். இனி எங்கள் வாசலில் அவள் பெயர் வராது. உங்கள் வாசலில் அவளை யார் அழைப்பது?"

கலாவதி அந்தக் கிண்ணத்தைக் கண்டாள். சோறும், மேலே முட்டையும், திறந்த கதவும். நரிக்கோ என்று கேட்ட தன் குரலையும் கேட்டாள். பிள்ளைகளையும் புருஷனையும் பானு அங்கே நின்று அழைத்திருக்கிறாள். தன்னை நீமில் ஒரு கிழவர் அழைப்பார் என்று நம்பி நின்றிருக்கிறாள். இந்தக் கலாவதி வந்து கதவைச் சாத்தச் சொல்லியிருக்கிறாள்.

சுபாஸ்கரன் முன்னுக்கு வந்தான். "நான் கூப்பிடுறன்" என்று வாயெடுத்தவன், அப்படியே நின்றான். என்ன பெயரைச் சொல்லி அழைப்பது? அவன் வாயில் வந்தது பானு. அது அக்கா வைத்த பெயர். அந்தப் பெயருக்கு எந்த உயிர் வரும்?

ஐயர்கூட கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"அவவின்ர பேர் என்ன?" என்று கலாவதி கேட்டாள். மைத்துனியின் பெயரை அவளுடைய அண்ணனிடம் கேட்கிற வெட்கம் காதுவரை சுட்டது. "எனக்குச் சொல்லித் தாருங்கள்" என்று பிரெஞ்சில் மறுபடியும் கேட்டாள்.

"பாஞியா" என்றார் செங். "வெள்ளிப்பூ என்று அர்த்தம்."

வாயில் நுழையாத பெயர் என்று தள்ளி வைத்தது இதைத்தான். மூன்று எழுத்தோ நான்கு எழுத்தோ, சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். கலாவதி முன்கதவை அகலத் திறந்தாள். தெருவைப் பார்த்து நின்றாள். தூறலில் எதிர்வீட்டு வெள்ளைக்காரன் குப்பைத் தொட்டியோடு நின்று பார்த்தான். பார்க்கட்டும்.

"பாஞியா" என்று கூப்பிட்டாள். சாமத்தியவீட்டுச் சபையை அடக்குகிற அந்தக் குரலில் மறுபடியும் கூப்பிட்டாள். "பாஞியா, வீட்டுக்கு வா. எங்கயும் நிக்காதை, நேர வீட்டுக்கு வா."

பின்னால் குசினிக் கதவு திறந்தது. மஞ்சள் கையோடு அவள் ஓடி வந்தாள். சபை விலகி வழி விட்டது. வாசலில் நின்ற தமையனைக் கண்டாள், ஆனால் அவரிடம் போகவில்லை. கலாவதிக்குப் பக்கத்தில் வந்து நின்று, நம்பமுடியாதவள் போல ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"ஆர் என்னைக் கூப்பிட்டது?"

"நான்தான்" என்றாள் கலாவதி.

பாஞியா கீழே உட்கார்ந்துவிட்டாள். படியிலேயே, மழை படுகிற இடத்தில், மஞ்சள் கையால் முகத்தை மூடிக்கொண்டு, ஏப்ரலில் அழாததை எல்லாம் அழுதாள். செங் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார். ஆரணி படியிறங்கி வந்து மாமன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குளிர்காற்று உள்கூடம்வரை அடித்தது. யாரோ ஒரு பெண், "பிள்ளைக்குக் குளிரப் போகுது, கதவைச் சாத்தட்டோ?" என்று கேட்டாள்.

"வேண்டாம்" என்றாள் கலாவதி. "திறந்தே கிடக்கட்டும்."